உனக்கு என்ன குறை வைத்தேன்?

செத்துப்போன ஒரு மீனைப் பார்த்து நான் கேட்ட கேள்வி இது. 2017 மார்ச் மாதத்தில் ஒரு காலை. சாப்பாட்டு அறையில் இருந்த கடல்நீர்த் தொட்டியின் அடிமணலில் என் மாண்டரின் மீன் ஒருக்களித்துக் கிடந்தது. விரல் நீளம்தான் இருக்கும். நீல உடம்பில் ஆரஞ்சு நெளிவுகள் இன்னும் மங்கவில்லை. வயிறு மட்டும் உள்ளே ஒட்டிப்போயிருந்தது. சின்ன வலையில் அதை எடுத்துக்கொண்டே வாய்விட்டுக் கேட்டேன்: "உனக்கு என்ன குறை வச்சேன்?"

கேட்டு முடித்ததும்தான் உறைத்தது, இது என் வாக்கியம் இல்லை. நம் வீடுகளில் வளர்ந்த எந்தப் பெண்ணுக்கும் இது தெரிந்த வாக்கியம். வேலைக்குப் போகிறேன் என்றால் இதைக் கேட்பார்கள். நாலு நாள் அம்மா வீட்டில் இருந்துவிட்டு வருகிறேன் என்றால் கேட்பார்கள். காரணம் சொல்லத் தெரியாமல் அழுதால் கட்டாயம் கேட்பார்கள். சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை, துணிமணிக்குக் குறைவில்லை, கை நீட்டாத புருஷன், அப்புறம் என்ன? மகள் பிறந்த பிறகு பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருந்த வருஷங்களில் இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் நானும் நின்றிருக்கிறேன். இப்போது அதே கேள்வியை நான் கேட்கிறேன். அதுவும் பட்டினியால் செத்த ஓர் உயிரிடம்.

ஓர் உயிரை நன்றாகப் பார்த்துக்கொள்வது, அதை வைத்துக்கொள்ளும் உரிமையை நமக்குத் தந்துவிடுமா? இந்தக் கட்டுரையில் நான் யோசித்துப் பார்க்க நினைப்பது இதைத்தான்.

*

தொட்டியை வாங்கியது என் இணையர். 2015 கோடையில் கொளத்தூருக்குப் போய், நான்கடி நீளத்தில் ஏறக்குறைய 300 லிட்டர் பிடிக்கும் கண்ணாடித் தொட்டியைக் கொண்டுவந்து இறக்கினார். நல்ல தண்ணீர் மீன் வேண்டாம், கடல் மீன்தான் வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஒரு மாதம் ஆசையாகப் பார்த்துக்கொண்டார். பிறகு அலுவலகம் அவரை இழுத்துக்கொண்டது. தொட்டி என்னிடம் வந்து சேர்ந்தது. வீட்டுக்குள் வரும் எல்லா உயிர்களும் கடைசியில் யாரிடம் வந்து சேருமோ அப்படி.

கடலின் ஒரு துண்டை வீட்டில் வைத்திருப்பது லேசான காரியம் இல்லை. லிட்டருக்கு 35 கிராம் கணக்கில் உப்பு கலக்க வேண்டும். தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. தினமும் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றிச் சமன்செய்யாவிட்டால் உப்பு ஏறிக்கொண்டே போகும். மீனின் கழிவில் இருந்து அம்மோனியா வரும். அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் பாறையிலும் மணலிலும் குடியேறவே நான்கைந்து வாரங்கள் ஆகும். அதற்குள் அவசரப்பட்டு மீனை விட்டால் அது தன் கழிவிலேயே செத்துப்போகும். சென்னை வெயிலில் தண்ணீர் 26 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளத் தனியாக ஓர் இயந்திரம் வேண்டும். இதையெல்லாம் நான் கற்றுக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், பிடித்துத்தான் கற்றுக்கொண்டேன். பள்ளியில் அறிவியல் நடத்தியவளுக்கு, வெகு நாளைக்குப் பிறகு மூளைக்கு வேலை கிடைத்திருந்தது. விருந்தாளிகள் மட்டும் தொட்டியைப் பார்த்துவிட்டு இணையரிடம், "எப்படி சார் மெயின்டெய்ன் பண்றீங்க?" என்று கேட்பார்கள்.

அந்த எரிச்சலில்தான் மீன் தொட்டியின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். படித்தபோது எரிச்சல் கூடியது. கடல் உயிர்களைக் கண்ணாடித் தொட்டியில் வைத்து ஆராயும் முறையை 1832இல் உருவாக்கியவர் ஒரு பெண். பெயர் ழான் வில்ப்ரூ-பவர். பிரான்ஸின் ஒரு சிற்றூரில் பிறந்து, பாரிஸில் தையல் வேலை பார்த்தவர். ஓர் இளவரசிக்குத் திருமண உடை தைத்துப் பெயர் வாங்கியவர். திருமணமாகி சிசிலித் தீவின் மெசினாவுக்குப் போனவர், தாமாகவே இயற்கை வரலாறு கற்றார். ஆர்கோனாட் என்றொரு உயிர் உண்டு. ஆக்டோபஸ் இனம். மெல்லிய ஓட்டுக்குள் இருக்கும். அந்த ஓடு அதற்கே சொந்தமா, வேறு உயிரிடம் பிடுங்கியதா என்று அறிஞர்கள் நெடுங்காலம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். இவர் அதைத் தொட்டியில் வைத்துப் பார்த்து, ஓட்டைத் தானே உருவாக்கிக்கொள்கிறது என்று நிரூபித்தார். ஓடு கட்டுவது பெண் ஆர்கோனாட் மட்டுமே, தன் முட்டைகளுக்காக. 1838இல் அவருடைய சேகரிப்புகளையும் குறிப்புகளையும் ஏற்றிச் சென்ற கப்பல் மூழ்கியது. நெடுங்காலம் அவர் பெயரும் அதோடு மூழ்கிக் கிடந்தது.

இன்னொருவர் ஆனா தைன். லண்டனில் ஒரு பாதிரியாரின் மனைவி. 1846இல் டார்க்கி கடற்கரையிலிருந்து உயிருள்ள கல்பவளங்களைக் கொண்டுவந்து லண்டன் வீட்டில் வளர்த்தார். காற்றுப் பம்பு இல்லாத காலம். தண்ணீரில் பிராணவாயு குறையாமல் இருக்க, திறந்த ஜன்னல் முன்னால் அதை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி ஊற்ற வேண்டும். அரை மணி, முக்கால் மணி நேரம் விடாமல். ஊற்றியது ஆனா தைன் இல்லை, அவர் வீட்டில் வேலை செய்த சிறுபெண். களைப்பான வேலைதான், ஆனாலும் அவளுக்கு அது வேடிக்கையாகவே இருந்தது என்கிற பொருளில் எஜமானி எழுதிவைத்திருக்கிறார். அந்தப் பெண்ணுக்கு அங்கே பெயர் இல்லை. வேடிக்கையாக இருந்ததா என்று அவளை யாராவது கேட்டார்களா என்பதும் இல்லை.

ஆண்கள் மறைத்த பெண் என்று நான் தேடிப் போனேன். போன இடத்தில், ஒரு பெண் மறைத்த இன்னொரு பெண் நின்றுகொண்டிருந்தாள்.

*

இதைப் படித்து அந்த எஜமானியை நான் திட்டியிருக்கலாம். ஆனால் அதற்கு முன்பே வர்தா புயல் வந்துபோயிருந்தது.

2016 டிசம்பர் 12. மதியமே மின்சாரம் போய்விட்டது. எங்கள் தெருவுக்கு அது திரும்ப வர நான்கு நாள் ஆனது. பம்பு நின்றால் கடல்நீர்த் தொட்டியில் சில மணி நேரத்தில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடத் தொடங்கும். இணையர் வெளியூரில் இருந்தார். வீட்டு வேலைக்கு வரும் அக்கா காற்றில் திரும்பிப் போக முடியாமல் எங்களோடு தங்கிவிட்டார். அன்று இரவு முழுக்க நானும் அவரும் முறை வைத்துக்கொண்டு, குளியலறைச் சொம்பால் தொட்டித் தண்ணீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினோம். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அத்தை மணி பார்த்துச் சொன்னார். நடுநிசிக்குப் பிறகு எனக்கு கை வலி தாங்கவில்லை. "நீங்க படுங்கம்மா, நான் பார்த்துக்கிறேன்" என்றார் அக்கா. நான் படுத்தேன்.

இரண்டு நீல டாம்செல் மீன்கள் செத்தன. கோமாளி மீன் இணை பிழைத்தது. காலையில் அக்கா வீட்டுக்குப் போனபோது, அவர் வீட்டுக் கூரைத் தகடு பறந்துபோயிருந்தது. அவர் பிள்ளைகள் பக்கத்து வீட்டில் இரவைக் கழித்திருக்கிறார்கள். எங்கள் மீனுக்கு மூச்சு ஊற்றிக்கொண்டிருந்த நேரத்தில்தான் அது நடந்தது. அந்த இரவுக்காக நான் தனியாகச் சம்பளம் கொடுக்கவில்லை. பொங்கலுக்கு ஒரு புடவை எடுத்துக்கொடுத்தேன். 'அக்கா' என்று அழைப்பதால் எத்தனை கணக்குகளை நாம் தீர்க்காமலே விட்டுவிடுகிறோம்!

இந்தக் கட்டுரையில் அவர் பெயரைச் சேர்க்கலாமா என்று அவரிடமே கேட்டேன். "என் பேரெல்லாம் எதுக்கும்மா? படிச்சிட்டு அடுத்த வீட்டுக்காரங்க, நம்ம கதையையும் இவ வெளிய சொல்லுவாளோன்னு நினைப்பாங்க" என்றார். அதனால் இங்கும் அவருக்குப் பெயர் இல்லை. ஆனால் இது அவர் சொன்ன 'வேண்டாம்'.

*

புயல் முடிந்தபோது எனக்குள் ஒரு பெருமிதம் வந்திருந்தது. இவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றியிருக்கிறேன், எனக்கென்று ஒரு மீன் வாங்கிக்கொள்ள உரிமை இல்லையா? டியூஷன் பணத்தைச் சேர்த்து, ஜனவரியில் மாண்டரின் மீனை வாங்கினேன். இந்த முறை ஆசை என்னுடையது, பணமும் என்னுடையது.

மேற்கு பசிபிக்கின் பவளத்திட்டுகளில் வாழும் மீன் அது. மீன்களில் நாம் பார்க்கும் நீலம் பெரும்பாலும் ஒளியின் விளையாட்டு. மாண்டரினின் நீலம் அப்படியில்லை, உண்மையான நீல நிறமி. முதுகெலும்புள்ள உயிர்களில் இது மிக அபூர்வம். இதையெல்லாம் படித்துவிட்டுத்தான் வாங்கினேன். படித்ததில் ஒன்றை மட்டும் அலட்சியம் செய்தேன். இந்த மீன் பாறை இடுக்குகளில் கோப்பிபாட் என்னும் நுண்ணுயிர்களை நாள் முழுக்கக் கொத்திக் கொத்தித் தின்றுகொண்டே இருக்கும். வேறு தீனி எளிதில் தொடாது. என் தொட்டியில் இருந்தவை செயற்கைப் பாறைகள். முதல் இரண்டு வாரத்தில் இருந்த கோப்பிபாட்களைத் தின்று தீர்த்துவிட்டது. பிறகு நான் போட்ட உணவு எதையும் தொடவில்லை. ஆர்ட்டீமியா முட்டை வாங்கிப் பொரிக்கவைத்து, பொடிக் குஞ்சுகளைப் பிச்சுக் குழலால் வாயருகே விட்டேன். கொஞ்சம் தின்றது, போதவில்லை. மற்ற மீன்கள் தின்று கொழுத்த தொட்டியில் ஏழாவது வாரம் அது செத்தது.

நான் வைத்த குறை என்ன என்று இப்போது தெரிகிறது. எனக்குக் கொடுக்கத் தெரிந்ததையெல்லாம் கொடுத்தேன். அதற்கு வேண்டியதை நான் கேட்கவில்லை. அது சாப்பிடாமல் இருந்ததே ஒரு பதில்தான். அதை நான் அடம் என்று நினைத்தேன்.

நெல் நோடிங்ஸ் என்ற அமெரிக்கச் சிந்தனையாளர் 1984இல் அக்கறையின் அறத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அக்கறை என்பது கொடுப்பவரிடம் முடிந்துவிடுவதில்லை, பெறுபவரிடம் போய்ச் சேர்ந்தால்தான் அது முழுமையாகிறது என்பது அதில் முக்கியமான கருத்து. பெண்ணின் தியாகத்தை இந்த அறம் மறுபடியும் கோயில் கட்டிக் கும்பிடுகிறது என்று பெண்ணியவாதிகள் பலர் அதை விமர்சித்தார்கள். அந்த விமர்சனம் நியாயமானது. ஆனால் அந்தக் கருத்தை அப்படியே கீழே போட என்னால் முடியவில்லை. 'உனக்கு என்ன குறை?' என்று கேட்பவர் தான் கொடுத்ததைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறார். பெறுபவரின் முகத்தை அவர் இன்னும் பார்க்கவில்லை.

*

இந்த இடத்தில் ஒரு வசதியான உவமை காத்திருக்கிறது: கண்ணாடிக்குள் மீன், வீட்டுக்குள் பெண். அதை நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். தொட்டிக்கு வெளியே கையில் வலையோடு நின்றது நான். என் வாழ்க்கையைச் சொல்வதற்கு அந்த மீனைப் பயன்படுத்தினால், செத்த பிறகும் அதை எனக்குச் சொந்தமாக்கிக்கொள்கிறேன் என்றுதான் அர்த்தம். மீனுக்கு வலி அதன் சொந்த வலி. லின் ஸ்னெடனும் விக்டோரியா பிரெய்த்வெய்ட்டும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், வலியை உணரும் நரம்பு முனைகள் டிரௌட் மீனின் முகத்தில் இருப்பதைக் காட்டினார்கள். வலியூட்டும் பொருளைச் செலுத்தியபோது அந்த மீன்கள் சாப்பிடாமல் ஒதுங்கின, உதட்டைச் சரளைக்கல்லில் தேய்த்தன.

இதைவிட ஆசைகாட்டும் இன்னொரு பொறியும் உண்டு. கோமாளி மீன்களில் எல்லாமே ஆணாகப் பிறக்கும். கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறும். அந்தப் பெண் செத்தால் அதன் இணையான ஆண் பெண்ணாகிவிடும். முட்டைக்குக் காவல் இருந்து துடுப்பால் விசிறிக்கொண்டிருப்பது பெரும்பாலும் ஆண்தான். கடற்குதிரையில் கருவைச் சுமப்பது ஆண். கல்லூரியில் ஒரு கூட்டத்தில் இதைச் சொன்னபோது மாணவிகள் கைதட்டினார்கள். எனக்கும் சந்தோஷமாக இருந்தது. வீடு திரும்பும்போதுதான் யோசித்தேன். சிங்கத்தைக் காட்டி 'இயற்கையே அப்படித்தான்' என்று சொல்பவர்களை நாம் ஒப்புக்கொள்வதில்லை. கோமாளி மீனைக் காட்டி அதையே நாம் சொல்லலாமா? அதே கோமாளி மீன் கூட்டத்தில் பெரியது மற்றவற்றை வளரவிடாமல் அடக்கித்தான் வைக்கிறது. ஆண், பெண் என்பது ஒரே அச்சில் வார்த்ததில்லை என்பதற்கு மீன்கள் சாட்சி சொல்லலாம். நாம் எப்படி வாழ வேண்டும் என்பதை நாம்தான் வாதாடி வெல்ல வேண்டும்.

*

அரிய மீன் என்று ஏன் தேடுகிறோம்? இந்தோனேசியாவின் பாங்காய் தீவுகளில் ஒரு கார்டினல் மீன் உண்டு. கருப்பு வெள்ளைப் பட்டைகள், நீண்ட துடுப்புகள். ஆண் மீன் முட்டைகளை வாய்க்குள் வைத்து, குஞ்சுகள் வெளியேறும் வரை ஏறத்தாழ ஒரு மாதம் உண்ணாமல் அடைகாக்கும். குஞ்சுகள் மற்ற பவளத்திட்டு மீன்களைப் போல நீரோட்டத்தில் மிதந்து தூரம் போவதில்லை, பிறந்த இடத்திலேயே தங்கிவிடும். ஓரிடத்தில் பிடித்துத் தீர்த்தால் அங்கே எளிதில் மறுபடி வராது. 1990களில் அலங்கார மீன் சந்தை இதைக் கண்டுகொண்டது. 2007இல் இது அழிவின் விளிம்பில் இருக்கும் இனமாகப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் சேர்ந்தது. அரிது என்பதால் விலை ஏறுகிறது. விலை ஏறுவதால் இன்னும் அரிதாகிறது. நேசத்தால் ஆன கொள்ளை இது. பிலிப்பைன்ஸிலும் இந்தோனேசியாவிலும் பவள இடுக்குகளில் சயனைடைப் பீய்ச்சி, மயங்கிய மீன்களைப் பிடிக்கும் வழக்கம் பல பத்தாண்டுகளாக இருக்கிறது. மீன் மயங்குகிறது, பவளம் சாகிறது. மூழ்கிப் பிடிப்பவருக்குக் கிடைப்பது நாம் கொடுக்கும் விலையில் ஒரு துளி. என் மாண்டரின் எப்படிப் பிடிபட்டது என்று நான் கடையில் கேட்கவே இல்லை.

அப்படியானால் சட்டம் போட்டுத் தடுத்துவிடலாமே என்று தோன்றும். கடற்குதிரைகளும் கல்பவளங்களும் 2001இல் நம் நாட்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அது தேவைதான். ஆனால் மன்னார் வளைகுடாவைப் பாருங்கள். 21 தீவுகளைக் கொண்ட தேசியப் பூங்கா அது. தலைமுறைகளாக அங்கே மூச்சடக்கி மூழ்கிக் கடற்பாசி எடுத்துப் பிழைத்த ராமநாதபுரத்துப் பெண்கள், தீவுப் பக்கம் போனதற்காகத் தடுக்கப்பட்டிருக்கிறார்கள். கடலைக் காப்பாற்றும் பாரம் கடலில் இறங்குகிற பெண்ணின் தலையில் விழுகிறது. கடலைக் காசு கொடுத்து வீட்டுக்குள் கொண்டுவருகிற என் தலையில் விழுவதில்லை. ஆசையைத் திருத்தாமல் சட்டத்தை மட்டும் திருத்தினால் கணக்கு எப்போதும் கீழே இருப்பவர் பெயரில்தான் எழுதப்படும்.

என் இணையர் ஒரு வாதம் வைப்பார்: "கடலில் இருந்தால் எப்போதோ ஏதாவது பெரிய மீன் தின்றிருக்கும். இங்கே பாதுகாப்பாக இருக்கிறது." இது பொய்யில்லை. கோமாளி மீன்கள் தொட்டியில் 20 ஆண்டுகளுக்கு மேலும் வாழ்ந்திருக்கின்றன. ஆனாலும் பாதுகாப்பு என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம், யாரிடமிருந்து, யாருடைய அனுமதியோடு என்று கேட்கப் பழகியவர்கள் நாம். ஓர் உயிரை அதன் கடலிலிருந்து பிரித்தவர், கடலின் ஆபத்துகளைக் காட்டி நன்றி எதிர்பார்க்க முடியாது.

*

போன வருஷம் மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தாள். கோவையில் ஒரு கல்லூரியில் சேர்ந்து விடுதியில் தங்கிப் படிக்கிறேன் என்றாள். அதே பாடம் சென்னையிலேயே இருக்கிறது. பேருந்தில் அரை மணி நேரம். நான் கோபமாகக்கூடப் பேசவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டேன்:

"இங்க உனக்கு என்னடி குறை?"

அவள் தட்டிலிருந்து நிமிர்ந்தாள். "குறைன்னு சொல்லலம்மா. போகணும்னு சொல்றேன்."

அவளுக்குப் பின்னால் தொட்டியின் பம்பு ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கேள்விக்கு நான் இருபது வயதில் தேடிய பதில் இதுதான். குறை இருந்தால்தான் போகலாம் என்று நமக்குச் சொல்லித்தந்திருக்கிறார்கள். அதனால் போக விரும்பும் பெண்கள் குறைகளைத் தேடி எடுத்து நிரூபிக்க வேண்டியிருக்கிறது. அடி வாங்கிய தழும்பைக் காட்டினால் கதவு திறக்கும். 'போகணும்' என்று மட்டும் சொன்னால் திறக்காது.

அக்கறைக்கும் உடைமைக்கும் என்ன வித்தியாசம் என்று அன்றைக்கு எனக்கு ஓரளவு பிடிபட்டது. எவ்வளவு கொடுக்கிறோம் என்பதில் அது இல்லை. உடைமையாளர்களும் அள்ளிக் கொடுப்பார்கள். எதிரில் இருப்பவரின் 'வேண்டாம்' நம் செயலை மாற்றுமா என்பதில் இருக்கிறது. மாற்றினால் அது அக்கறை. மாற்றாதென்றால், எவ்வளவு அன்பு ஊற்றினாலும் அது தொட்டிதான். மாண்டரின் தன்னால் முடிந்த ஒரே வழியில் 'வேண்டாம்' சொன்னது, நான் இன்னொரு வகைத் தீனி வாங்கப் போனேன். வர்தா இரவில் அக்கா வீட்டுக்குப் போகட்டுமா என்று என்னைக் கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? அவர் கேட்கவில்லை என்பதில் நான் இன்றும் ஆறுதல் தேடுகிறேன் என்றால், அந்த ஆறுதலும் கணக்கில் சேர வேண்டியதுதான்.

மகள் கோவையில் இருக்கிறாள். விடுதிச் சாப்பாட்டில் ஆயிரம் குறை சொல்கிறாள், திரும்பி வருகிறேன் என்று மட்டும் சொல்வதில்லை.

தொட்டியில் இப்போது இரண்டு கோமாளி மீன்கள் இருக்கின்றன. தொட்டியிலேயே பொரித்து வளர்க்கப்பட்டவை, கடலை அறியாதவை. பெசன்ட் நகரில் கொண்டுபோய் விட்டால் என் மனசு சுத்தமாகும், அவை செத்துப்போகும். திருப்பிக் கொடுக்க முடியாத ஒன்றை வாங்கிவிட்டவர் செய்யக்கூடியது, கடைசி வரை பார்த்துக்கொள்வதுதான். அதைத் தியாகம் என்று சொல்லிக்கொள்ளாமல் செய்ய வேண்டும். கடலில் பிடித்த மீன் எதையும் இனி வாங்குவதில்லை. தண்ணீர் மாற்றும் ஞாயிற்றுக்கிழமைகளில் வாளி தூக்குவது இணையரும் நானும். அக்காவுக்கு ஞாயிறு விடுமுறை, சம்பளத்தோடு. இந்த இணையின் காலம் முடிந்ததும் தொட்டியைக் காலி செய்துவிடுவோம்.

ஒவ்வொரு காலையும் ஆவியாகிப்போன அளவுக்கு நல்ல தண்ணீர் ஊற்றுகிறேன். பெண் மீன் மேலே வந்து என் விரல் நுனியைக் கொத்தும். அது அன்பு என்று நினைத்துக்கொள்ள ஆசையாகத்தான் இருக்கிறது. தன் எல்லைக்குள் வந்த எதையும் கோமாளி மீன் அப்படித்தான் விரட்டும் என்று எனக்குத் தெரியும். தண்ணீரை ஊற்றி முடித்துக் கையை வெளியே எடுத்துவிடுகிறேன்.